ஒரு ரன் குறைந்த புத்தகம்

அத்தியாயம் பதினான்கு

நாலு மாதமாக அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை என்று போன வாரமே சொல்லியாயிற்று. அதில் ஒரு சின்னத் திருத்தம். இந்த நாலு நாளாக அவர்கள் தினமும் தொண்ணூறு தடவை பேசிக்கொள்கிறார்கள்.

"நூத்தி நாலு, ரெண்டு," என்பார் அப்பா.

"சரி," என்பாள் மகள்.

அவ்வளவுதான் பேச்சு. ஒவ்வோர் ஓவர் முடிந்ததும் இரண்டு அணிகளின் ஸ்கோரர்களும் ரன்னையும் விக்கெட்டையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. விதிக்கு என்ன, கோபதாபமா தெரியும்? பழைய அணிக்கு அப்பா ஸ்கோரர். புது அணிக்கு மகள். மைதானத்தைப் பார்த்த மாடியறையில் ஒரே மேசை, ஒரே மின்விசிறி, இரண்டு புத்தகம், நடுவில் ஒரு முழம் இடைவெளி.

மகளை மைதானத்தில் எல்லோரும் பென்சில் என்றுதான் கூப்பிடுவார்கள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அப்பாவுக்குப் பதினோரு வருஷம் உதவி ஸ்கோரராக இருந்தவள். கிரிக்கெட் சங்கம் பெரிய வட்டாரத்தை இரண்டாக வெட்டி ஒரு புது அணியை உண்டாக்கியபோது, பென்சிலின் வீட்டுக்காரர் அதில் சேர்ந்தார். பென்சிலும் சேர்ந்தாள். சேர்ந்ததை அப்பாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். கடைசியில் சங்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த டைப் அடித்த பட்டியலில்தான் அப்பா மகளின் பெயரைப் படித்தார். அன்றைக்கு மூடிய வாய்.

மூடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று சொன்னார். "இந்த அணி ஒரு வருஷம் தாண்டாது."

சொன்னது பலித்துவிடும் போலத்தான் இருந்தது. புது அணிக்குச் சங்கம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. முதல் வருஷத்து எட்டு ஆட்டத்தில் ஒன்றையாவது ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் அணியைக் கலைத்துப் பழைய அணியோடு சேர்த்துவிடுவார்கள். ஏழு ஆட்டம் முடிந்தாயிற்று. நாலில் தோல்வி, மூன்று டிரா. எட்டாவது ஆட்டம், பழைய அணியோடு, இன்று கடைசி நாள்.

ஜெயிக்க இருநூற்று முப்பத்தொன்று வேண்டும்.

"உங்க கம்பெனி இன்னைக்காவது கரை சேருமா?" என்று காலையில் அம்மா போனில் கேட்டாள்.

"கம்பெனி இல்லம்மா, டீம்."

"ஒருத்தர் கரண்ட் கம்பத்துல ஏறுறவர், ஒருத்தர் பேக்கரியில மாவு பிசையறவர், நம்ம மாப்பிள்ளை தபால் ஆபீஸ்ல கடுதாசி பிரிக்கிறவர். இதைக் கம்பெனின்னு சொல்லாம என்னன்னு சொல்றது? சரி, மத்தியானம் சாப்பாடு அனுப்பறேன். ரெண்டு பேருக்கும் ஒரே கேரியர்தான்."

"அம்மா!"

"பிரிச்சுப் பிரிச்சுக் கொடுக்கறதுக்கு நான் என்ன சங்கமா? சேர்ந்து சாப்பிடுங்க."

சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். அப்பா மேல் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். பென்சில் கீழ்த் தட்டை எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். அம்மாவின் திட்டம் அத்தோடு முடிந்தது.

மத்தியானத்துக்கு மேல்தான் விஷயமே ஆரம்பம்.

முப்பத்தெட்டாவது ஓவர். புது அணி மூன்று விக்கெட்டுக்கு நூற்று இருபத்தாறு. பென்சிலின் வீட்டுக்காரர் நாற்பதைத் தாண்டி நிதானமாக ஆடிக்கொண்டிருந்தார். தபால் பிரிக்கும் கை. எந்தப் பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பதறாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. பழைய அணியின் வேகப்பந்துக்காரர் ஒரு பந்தை ஓங்கிக் குத்தினார். அது எழும்பி வந்து ஹெல்மெட்டின் கம்பியில் மோதிய சத்தம் மாடியறை வரைக்கும் கேட்டது. வீட்டுக்காரர் அப்படியே சரிந்து உட்கார்ந்து, பிறகு படுத்தேவிட்டார்.

பென்சில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். கீழே எல்லோரும் ஓடினார்கள். பிசியோதெரபிஸ்ட் மண்டியிட்டு விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். பாழாய்ப்போன மனுஷன், பதில் சொல்லாமல் கிடக்கிறாரே!

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். மாடியைப் பார்த்து மட்டையை ஆட்டிக் காட்டினார். பென்சிலுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். அந்தப் பந்துக்கு ரன் இல்லை என்று ஒரு புள்ளி. அடுத்தடுத்த பந்துகளுக்கும் புள்ளி, புள்ளி. கை தானாக வைத்தது. கண் மைதானத்தில் அவர் தள்ளாடுகிறாரா என்றே பார்த்துக்கொண்டிருந்தது.

"நூத்தி இருபத்தேழு, மூணு," என்றார் அப்பா.

"சரி," என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் புத்தகத்தைப் பார்த்தாள். நூற்று இருபத்தாறு.

அடுத்த ஓவர் நடக்கும்போதே கூட்டிப் பார்த்தாள். ஆட்டக்காரர்கள் எடுத்தது, உபரி ரன்கள், எல்லாம் சேர்த்து நூற்று இருபத்தாறு. பந்து வீசியவர்கள் கொடுத்ததைத் தனியாகக் கூட்டினாள். அதுவும் நூற்று இருபத்தாறு. இரண்டு பக்கமும் அச்சாகப் பொருந்தியது. அப்படியானால் தப்பு யாருடையது? அப்பாவுக்கு அறுபத்தாறு வயது. போன மாதம்தான் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார் என்று அம்மா சொன்னாள்.

சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

ஆனால் எப்படிச் சொல்வது? நாலு மாதம் கழித்து அப்பாவோடு பேசும் முதல் பேச்சு, "உங்க கணக்கு தப்பு" என்பதாகவா இருக்க வேண்டும்? அதுவும் முப்பது வருஷத்தில் ஒரு பந்தைக் கூடத் தவறவிட்டதில்லை என்று பெயர் எடுத்த மனுஷரிடம்! டீ இடைவேளையில் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

டீ இடைவேளையில் அப்பா கழிவறைக்குப் போனார். வந்தார். புத்தகத்தைத் திறந்தார். பென்சில் தொண்டையைச் செருமினாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போங்கள், நீங்களும் உங்கள் கணக்கும்!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு ரன் தங்கள் பக்கம் அதிகமாக இருப்பது அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது. இனித்ததே என்று நினைத்துக் கூனிக் குறுகவும் செய்தாள்.

இப்படியாக, "நூத்தி ஐம்பத்தெட்டு, நாலு", "சரி". "நூத்தி எழுபது, அஞ்சு", "சரி". ஒவ்வொரு சரியும் ஒரு பொய். அப்பா வாக்கி-டாக்கியில் சொல்லும் எண்ணைத்தான் பலகைக்காரர் ஸ்கோர் பலகையில் மாட்டுவார். மைதானம் முழுக்க அப்பாவின் கணக்கில் ஓடியது. பென்சிலின் புத்தகம் மட்டும் ஒரு ரன் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்காரர் ஐம்பத்திரண்டில் அவுட்டானார். அதற்குப் பிறகு சீட்டுக்கட்டு சரிந்த மாதிரி விக்கெட்டுகள் போயின. கடைசி ஓவர் வந்தபோது பலகையில் இருநூற்று இருபத்திரண்டு, ஒன்பது விக்கெட். ஆறு பந்து, ஒன்பது ரன். ஆடுகளத்தில் கேப்டன் லைன்மேனும், பதினோராவது ஆளான பேக்கரிக்காரரும்.

பேக்கரிக்காரர் இந்த வருஷம் முழுவதும் எடுத்த ரன்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

முதல் பந்து. லைன்மேன் மட்டையைச் சுழற்றினார், நாலு. கூட்டம் எழுந்து நின்றது. இரண்டாவது வீண். மூன்றாவதில் ஒன்று. நான்காவது பந்தைப் பேக்கரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தட்டியதில் இன்னொன்று. "கண்ணைத் திறந்து ஆடுய்யா!" என்று யாரோ கீழே கத்தினார்கள். ஐந்தாவதில் லைன்மேன் இரண்டு ஓடப் பார்த்தார்; ஒன்றுதான் கிடைத்தது.

பலகையில் இருநூற்று இருபத்தொன்பது. ஒரே பந்து. இரண்டு ரன் வேண்டும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. பென்சிலுக்கு மட்டும் தெரியும், மூன்று வேண்டும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டிருந்ததால் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தோமே, இப்போது அது நம் ஆட்களின் கழுத்தையே அறுக்கிறதே! மூன்று வேண்டும் என்று தெரிந்தால் மூன்று ஓடப் பார்ப்பார்கள். தெரியாமல் இரண்டு ஓடிவிட்டு நின்றுவிடுவார்களே! ரன்கள் சமமானால் டிரா. டிரா வெற்றியாகாது. அணி போய்விடும்.

"அப்பா," என்றாள்.

கூட்டத்தின் கூச்சலில் அவளுக்கே அது கேட்கவில்லை. பந்து கிளம்பிவிட்டது.

பேக்கரிக்காரர் இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டுதான் ஆடினார். பந்து மட்டையின் அடியில் பட்டு ஆட்கள் இல்லாத இடத்துக்கு ஓடியது. ஒன்று ஓடினார்கள். திரும்பினார்கள். "ஓடுய்யா, ஓடுய்யா!" என்று லைன்மேன் கத்துவது மாடிக்குக் கேட்டது. எறிந்த பந்து வந்து ஸ்டம்பில் மோதுவதற்குள் பேக்கரிக்காரர் குப்புற விழுந்து கோட்டுக்குள் மட்டையை நீட்டிவிட்டார்.

இரண்டு.

பலகையில் இருநூற்று முப்பத்தொன்று ஏறியது. கூட்டம் வேலியைத் தாண்டிக் குதித்தது. லைன்மேன் பேக்கரிக்காரரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் கம்பத்தில் ஏறுகிறவர், தாங்குவார். வீட்டுக்காரர் நெற்றியில் ஐஸ் பையோடு மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். டாக்டர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

மாடியறையில் பென்சிலின் முகத்தில் ஈயாடவில்லை.

நடுவர் புத்தகங்களைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்க மேலே வந்தார். அவர் பின்னாலேயே லைன்மேன், பேக்கரிக்காரர், வீட்டுக்காரர், பழைய அணியின் மேனேஜர் என்று ஒரு படையே படியேறியது. அப்பா தன் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு நகர்த்தினார்.

"நீங்களும் போடுங்கம்மா," என்றார் நடுவர்.

பென்சில் பேனாவை மூடி வைத்தாள். "நான் போட மாட்டேன் சார்."

"என்னக்கா சொல்றீங்க?" என்றார் லைன்மேன்.

"என் புத்தகத்துல இருநூத்தி முப்பதுதான் இருக்கு. ஒரு ரன் கம்மி. நாம ஜெயிக்கல."

பேக்கரிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் அவளையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். பாவம் போலப் பார்த்தார்.

"ஆகா!" என்று கையைத் தட்டினார் மேனேஜர். "அவங்க ஆளே சொல்றாங்க! நாங்க சொல்லல, அவங்க ஆளே சொல்றாங்க! ஐயா, உங்க புத்தகத்துல எங்கேயோ தவறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வயசாச்சு, யாருக்கும் வர்றதுதான். ஆட்டம் டிரா, முடிஞ்சுது."

ஒரே ஒரு வார்த்தை. அப்பா சொன்னால் போதும். அணி ஒரு வருஷம் தாண்டாது என்று அவர் சொன்னதும் பலித்துவிடும். மகளும் பழைய மேசைக்கே திரும்பி வந்துவிடுவாள்.

"கொஞ்சம் சும்மா இருய்யா," என்றார் அப்பா. பிறகு மகள் பக்கம் கையை நீட்டினார். "உன் புத்தகத்தைக் கொடு."

நாலு மாதத்தில் எண் இல்லாத முதல் பேச்சு.

வாங்கிப் பிரித்தார். கூட்டலையே அவர் பார்க்கவில்லை. ஒவ்வோர் ஓவரின் கட்டத்திலும் விரலை வைத்து, பந்துகளை மட்டும் எண்ணிக்கொண்டே வந்தார். முப்பத்தெட்டாவது கட்டத்தில் விரல் நின்றது.

"இதை எண்ணு."

பென்சில் குனிந்தாள். "ஒண்ணு... ரெண்டு..." குரல் இறங்கிக்கொண்டே போனது. "ஏழு."

"ஓவருக்கு எத்தனை பந்து?"

"ஆறு."

"அப்ப ஏழாவது எங்கேயிருந்து வந்துச்சு?"

அவளுக்கு மண்டையில் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. கூட்டலை நாலு தடவை போட்டவள் புள்ளிகளை ஒரு தடவை கூட எண்ணவில்லை!

"மாப்பிள்ளைக்கு அடிபட்ட பந்து நோ-பால்," என்றார் அப்பா. "அது ஆறு பந்துல சேராது, ஆனா அதுக்கு ஒரு ரன் உண்டு. நீ புள்ளி வச்சிருக்க. சார், நீங்க காட்டினீங்களா இல்லையா?"

"காட்டினேன்," என்றார் நடுவர். "அவரைத் தூக்கி உட்கார வச்ச பிறகு மாடியைப் பார்த்து மறுபடியும் கையை நீட்டினேன். நீங்க பதிலுக்குக் கை தூக்கினீங்க. அப்புறம்தான் ஆட்டத்தை ஆரம்பிச்சேன். என் குறிப்பிலேயும் இருக்கு."

"அவ்வளவுதான். என் பொண்ணு எழுந்து நின்னுட்டா. நான் உட்கார்ந்திருந்தேன். புருஷன் விழுந்தா எந்தப் பொண்ணு உட்கார்ந்துக்கிட்டிருப்பா?" அப்பா பேனாவை எடுத்து அவள் கையில் திணித்தார். "திருத்து. இருநூத்தி முப்பத்தொண்ணு. ஜெயிச்சது நீங்கதான்."

அதற்கப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமா? அந்தச் சின்ன மாடியறை இடியாதது ஆச்சரியம். லைன்மேன் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு அழுதார். பேக்கரிக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நடுவரின் காலைக் கட்டிக்கொண்டார். "காலை விடுங்க சார், நான் என்ன பண்ணினேன்!" என்று நடுவர் துள்ளினார். வீட்டுக்காரர் ஐஸ் பையை வீசிவிட்டு மாமனாரைக் கட்டிப்பிடிக்கப் போய், பாதியில் பயந்து நின்று, பிறகு துணிந்து கட்டியே பிடித்துவிட்டார்.

புது அணி கலையாது. ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இனி அடுத்த வருஷமும் உண்டு.

பென்சிலுக்குக் கண்ணீரில் கட்டமே தெரியவில்லை. எப்படியோ திருத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"ஒரு ரன் இடிக்குதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார் அப்பா, மற்றவர்களுக்குக் கேட்காமல்.

"அந்த ஓவர்லயே."

"அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் சரி, சரின்னே?"

"இத்தனை நாள் கழிச்சுப் பேசற முதல் பேச்சே உங்களைத் தப்புன்னு சொல்றதா இருக்க வேண்டாம்னு நினைச்சேன்ப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ அந்த அணிக்குப் போனதுக்கு நான் கோவப்பட்டேன்னு நினைக்கறியா? போ, தாராளமாப் போ. புருஷன் இருக்கற இடத்துக்குப் போறே. ஆனா என் பொண்ணு போறாங்கற சேதியை நான் போர்டுல நின்னு படிச்சேன் பாரு. பக்கத்துல வாட்ச்மேன் நின்னுக்கிட்டிருந்தான். 'உங்களுக்குத் தெரியாதா சார்'னு கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கல."

"தப்புதான்ப்பா. எனக்குப் பயமா இருந்துச்சு. மன்னிச்சுடுங்க."

"ஒரு ரன்னுக்கு இவ்வளவு நேர்மையா நிக்கறவளுக்கு அப்பன்கிட்டப் பேச மட்டும் பயமா?" என்றார்.

இதையெல்லாம் ஒருவர் மட்டும் ரசிக்கவில்லை. மேனேஜர் வாசற்படியில் நின்றபடியே சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார்.

"மாப்பிள்ளை அடிவாங்குவாராம், மாமனார் ரன் எழுதுவாராம், பொண்டாட்டி திருத்திக் கையெழுத்துப் போடுவாங்களாம். நல்லா இருக்குய்யா குடும்பம்! கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னவங்க அஞ்சு நிமிஷத்துல போட்டிருக்காங்க. நான் சங்கத்துல புகார் கொடுக்கப் போறேன். திங்கட்கிழமை விசாரணை வச்சு இந்த வெற்றியை நிறுத்தி வைக்கலேன்னா பாருங்க."

லைன்மேன் நாற்காலியிலிருந்து இறங்கினார். வீட்டுக்காரரின் கை அப்பாவின் தோளிலிருந்து நழுவியது. பென்சில் எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அப்பா தன் நாற்காலியை இழுத்து, மகளின் நாற்காலியோடு இடிக்கிற மாதிரிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேசையில் கிடந்த இரண்டு புத்தகங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்.

"தாராளமா எழுதுங்க மேனேஜர். எத்தனை மணிக்கு வரணும்னு மட்டும் தெளிவாப் போடுங்க," என்றார். "நானும் என் பொண்ணும் சேர்ந்தே வர்றோம்."